புள்ளி இல்லாத போத்தல்

இரண்டு பிள்ளைகளின் தொண்டையிலிருந்து வெட்டியெடுத்த சதைகளுக்கு, எது யாருடையது என்று தெரியாமலேயே நான் பெயர் எழுதினேன். நல்லதாகத் தெரிந்ததை என் மகளுக்கு எடுத்துக்கொண்டேன். மற்றதை யோகத்தின் மகளுக்குக் கொடுத்தேன்.

இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

இரண்டு பிள்ளைகளும் இன்று நலமாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாட்டில் சண்டையும் முடிந்துவிட்டது. என் நிதுசா குறட்டையில்லாமல் தூங்குகிறாள். தயிரும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். நான் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறேன்... அதுதான் என்னைக் கூச வைக்கிறது.

சத்திரசிகிச்சை நடந்தபோது சண்டை ஓயவில்லை. யோகம் வாகரைப் பெண். சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மிஞ்சிய டிலானியோடு இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்து, ஆஸ்பத்திரியில் எங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்தாள். இரு பிள்ளைகளுக்கும் ஒரே காலையில் டொன்சிலையும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்தார்கள். இருவருக்குமே ஒரு பக்கத்து டொன்சில் மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

"பயப்பட ஒண்டுமில்ல. ஆனா சோதிச்சுப் பார்த்திருவம்," என்றார் டொக்டர்.

புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நான் படிப்பிக்கிறவள், சொல்லாமலே விளங்கியது.

சோதனைக்குக் கண்டிக்கு அனுப்ப வேண்டும், போத்தலைப் பிள்ளையின் வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். சண்டை நடந்த வாகரையின் விலாசமுள்ள அடையாள அட்டையோடு அத்தனை சோதனைச் சாவடிகளையும் தாண்டுவது யோகத்துக்கு லேசில்லை.

"தாங்க யோகம், நான் கொண்டுபோறன்."

"உங்களுக்குக் கரைச்சல் டீச்சர்."

"ஒரு போத்தலோட இன்னொரு போத்தல். என்ன பாரம்?"

"பாரமில்லதான். எண்ட புள்ளயிட வாயையும் வெட்டிப் போத்தலுக்குள்ள போட்டிருந்தாத்தான் கரைச்சல். கண்டி போய்ச் சேருமட்டும் அது கதைச்சிக்கே வரும்!" என்று சிரித்தாள்.

நிதுசாவைக் கணவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஒரு சாவடியில் இளம் சிப்பாய் ஒருவன் போத்தலைத் திறந்து முகர்ந்தான். சதை பழுதாகாமல் இருக்க ஊற்றியிருந்த ஃபோமலின் அவன் கண்ணில் ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டே மற்றதையும் திறந்தான். இரண்டும் தளும்பி வெளியே வழிந்தன. நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "துவ?" என்றான். மகளா என்று கேட்கிறான்... இரண்டுக்குமே தலையாட்டினேன்.

கண்டியில் பையைத் திறந்தபோது, போத்தல்களில் ஒட்டிய பிளாஸ்டரில் எழுதியிருந்த பெயர்கள் இரண்டும் வெறும் நீலமாகக் கரைந்து கிடந்தன.

"பேர் இல்லாட்டி எடுக்க ஏலாது மிஸ்," என்று கவுண்டரில் இருந்தவர் பேனையை நீட்டினார். "எழுதித் தாங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். இனி வெட்டியெடுக்கப் பிள்ளைகளின் தொண்டையில் எதுவும் இல்லை. அந்தப் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால், நீங்கள் என்னை மன்னிக்கக்கூடும். நான் செய்தது அதுவல்ல!

போத்தல்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் கிடந்த துண்டுகள் வெளிறிச் சுத்தமாக இருந்தன. மற்றதில், ஒரு துண்டின் ஓரத்தில் மிளகளவு கரும்புள்ளி. உறைந்த இரத்தமாகக்கூட இருந்திருக்கலாம்.

சுத்தமானதில் நிதுசா என்று எழுதினேன். மற்றதில் டிலானி என்று எழுதினேன்.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை என்று மனம் சொன்னது. யோகத்துக்கு? அவளுக்கும் மிஞ்சியது ஒன்றுதானே!

பெயரை மாற்றினால் நோய் ஆள் மாறிப் போகுமா? நோய் என் மகளுக்கே இருந்து, அது டிலானியின் பெயரில் வந்திருந்தால்? என் பிள்ளையை நானே அல்லவா பலி கொடுத்திருப்பேன்... அவ்வளவு படித்தும் அந்த நேரத்தில் இது தோன்றவில்லை. அந்தப் புள்ளி என் வீட்டுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான்.

முடிவுகள் வந்தன. இரண்டிலும் ஒன்றுமில்லை, வெறும் வீக்கம். யோகம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

ஒன்று வேறுவிதமாக வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று இங்கே எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

போன மாதம் யோகம் குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுக்கு டிலானியோடு வந்தாள். வாகரைக்கே திரும்பிவிட்டார்களாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நான் துணிந்து தொடங்கினேன். சாவடியில் ஆமிக்காரன் திறந்ததில் போத்தல்கள் வழிந்து பெயர்கள் கரைந்துபோனதையும், எது யாருடையது என்று தெரியாமல் குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன்.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். முற்றத்தில் பிள்ளைகள் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கா டீச்சர் இவ்வளவு நாளும் என்னக் கண்டா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கு இருந்தீங்க? ஆமிக்காரன் ஊத்தினத்துக்கு நீங்க என்ன செய்யிற? ரெண்டும் நல்லாத்தானே வந்திச்சு. உடுங்க!"

குத்துமதிப்பாக என்றுதான் சொல்லியிருந்தேன். பார்த்துத் தெரிந்தெடுத்தேன் என்று சொல்லவில்லை.

நான் செய்யாத குற்றத்தை அவள் மன்னித்துவிட்டாள். செய்ததைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நானோ அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?" என்று கேட்டேன்...

அவள் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள்.