தாவீது அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஆறு நாள்

தாவீது அண்ணன் போய்ட்டார்... காலையில் மாதனூரிலிருந்து அவர் பொண்ணு ஸ்டெல்லா போன் செய்தாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் கட்டிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது, அவர் அங்கே சீனியர் கட்டர். ஒரு ஜோடிக்கு இடதும் வலதும் ஒரே ஷேடில் வர வேண்டுமென்றால் தோலை அவர்தான் பார்த்து எடுக்க வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் டீ டைமில் அவர் வலது கை நடுங்குவதைப் பார்த்தேன். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எல்லார் எதிரிலும், "ஊதுங்க" என்றேன்.

ஊதினார். டீ வாசனைதான் வந்தது... சே, என்ன ஆளு நான்!

பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னது அதற்கப்புறம்தான். கை சும்மா இருந்தால்தான் நடுங்கும், தோலைத் தொட்டால் அடங்கிவிடும். கால்தான் பேஜார். நன்றாக நடந்து வருபவர், கதவைக் கண்டதும் பசை போட்டு ஒட்டின மாதிரி நின்றுவிடுவார்.

ஸ்டிச்சிங் பெண்கள் கழிவுத் தோலைப் பட்டை பட்டையாக வெட்டி வாசல் தரையில் ஒட்டினார்கள். ஒவ்வொன்றாகத் தாண்டச் சொன்னால், தாண்டிவிடுவார்! "இன்னா சார், இந்த வயசுல கட்டம் தாண்டிப் பாண்டி ஆட வெச்சிட்டாளுங்க" என்று அவரே சிரிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் முடிவானது. அண்ணனுக்கு ஒரே ஆசை... சர்ச் வாசலிலிருந்து ஆல்டர் வரை பொண்ணைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். நடுவில் நிற்காமல்.

வேலூரில் புதுசாக ஒரு ட்ரீட்மென்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. தலைக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்து மூளையைத் தூண்டுவார்கள். விடாமல் பத்து நாள் வர வேண்டும்.

நோய் குணமாகாது, நடை கொஞ்ச நாளைக்கு லேசாகலாம், அதுவும் நிச்சயமில்லை என்று டாக்டர் முன்னாடியே சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அந்தக் கொஞ்ச நாள் போதும்.

நாலாவது நாள் சாயங்காலம் கம்பெனிக்குப் போன் செய்தார். "ரெண்டு வடைய ஒட்டவெச்சாப்ல ஒரு காந்தம் சார், டக்கு டக்குன்னு அடிக்குது. இன்னிக்கி யாரும் கை குடுக்காம பஸ் ஏறிட்டேன்!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப சந்தோஷம்ணா. இங்க ஷேடு மாறி ரிஜெக்ட் ஜாஸ்தி ஆவுது, ஷிப்மென்ட் டைம். நாளைக்கு வந்துடுங்க. மிச்ச ஆறு நாள் அப்புறம் போய்க்கலாம்."

"சரி சார்... வர்றேன்" என்றார்.

வந்தார். ஷிப்மென்ட் போனது. திரும்ப வேலூர் போனபோது, நடுவில் விட்டதால் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இந்த பேட்ச்சில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பேட்ச்சுக்கு முன்னாடியே கல்யாணம் வந்துவிட்டது.

சர்ச்சில் நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாசலிலேயே அண்ணன் கால் நின்றுவிட்டது. பாட்டுக்குழு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது, ஸ்டெல்லா அசையாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவரே அவள் கையை எடுத்துத் தன் மைத்துனரிடம் கொடுத்தார். "நீ போம்மா, டைம் ஆவுது. நான் பின்னால வர்றேன்."

அந்த ஆறு நாளும் போயிருந்தால் நடந்திருப்பாரா? தெரியாது... தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் செய்தது நான்.

பந்தியில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சரக்கு பாஸ் ஆயிடிச்சா சார்?"

ஆச்சு அண்ணா என்றேன்.

நாளைக்கு மூன்று மணிக்கு மாதனூரில் அடக்கம். பழைய கட்டிங் ஆளுங்க எல்லாரும் வந்துடுங்க.

போய்ட்டு வாங்கண்ணா... இத்தனை வருஷத்தில் உங்ககிட்ட ஒரு தடவைகூட நான் மன்னிப்பு கேட்கவில்லை.