தபசு மரமும் டிரெட்மில்லும்

இளவரசி என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவளுடைய அப்பா பஞ்சாட்சரம், "ஹார்ட் டாக்டருக்கு" என்று சொல்லி வைத்திருந்தார். அவள் சென்னையில் படித்ததோ பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி. இ.சி.ஜி. எடுப்பது, எக்கோ பார்ப்பது, ஆளை டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயம் தாங்குகிறதா என்று சோதிப்பது. படித்து முடித்ததும் சென்னையிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கூடப் படித்த ஸ்வேதா இதே படிப்பை வைத்துக்கொண்டு துபாய்க்கே போய்விட்டாள். இதையெல்லாம் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் யாருக்கு விளக்குவது?

போதாக்குறைக்கு ஒரு விதி வேறு. சோதனை எடுப்பது இவள், முடிவைச் சொல்வது டாக்டர். ஊருக்கு வந்தால் ஆளாளுக்கு இ.சி.ஜி. சீட்டை நீட்டுவார்கள். "டாக்டர்தான் சொல்லணும்" என்பாள்.

"அப்ப நீ இன்னாத்தப் படிச்ச?" என்று பக்கத்து வீட்டுச் செங்கேணி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். பஞ்சாட்சரத்தின் மானம் கப்பலேறியது.

மிச்ச மானம் தபசு மரத்தில்தான் இருந்தது. திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் அருச்சுனன் வேஷம் கட்டி, படிக்கொரு பாட்டாகப் பாடி, நட்ட பனைமரத்தின் உச்சிக்கு ஏறுவது அவர்தான். வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்தால் அவர் பஞ்சாட்சரமே இல்லை. ஏறியவன் சிவன் வரம் தரும்வரை பாதியில் இறங்கக் கூடாது என்பது வழக்கம்.

திருவிழாவுக்கு முந்தின மாதம், வரப்பேறி வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வாயுதாம்மா" என்றார். லீவில் வந்திருந்த இளவரசி பக்கத்தில்தான் இருந்தாள். சோதனை என்றால் மனுஷன் வரமாட்டார். வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"எங்க ஆஸ்பத்திரில ஒரு மெஷின் கீது நைனா. மரம் ஏறுறதுக்கு நல்லாப் பழகிக்கலாம்."

மறுநாளே பஸ் ஏறிவிட்டார். மெஷினைத் தொட்டுக் கும்பிட்டார். மார்பெல்லாம் ஒயரோடு நடந்தவர், மெஷின் மேடாகத் தூக்கியதும் தபசுப் பாட்டை எடுத்துவிட்டார். வராண்டாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாடாத நைனா!"

"பாடாம அருச்சுனன் எப்புடிம்மா ஏறுவான்?"

திரையில் இ.சி.ஜி. கோடு அமுங்கத் தொடங்கியது. அது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும். "நிறுத்தும்மா" என்றார் டாக்டர். நிறுத்தினாள். பெல்ட் நின்றது. பஞ்சாட்சரம் நிற்கவில்லை. வியர்வை சொட்டச் சொட்ட, நின்ற இடத்திலேயே ஏறிக்கொண்டிருந்தார். பிடிக்க வந்த டாக்டரையும் தள்ளிவிட்டார்.

இளவரசி வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குரலை உயர்த்தினாள்.

"அருச்சுனா! உன் தவத்தை மெச்சினோம். பாசுபதம் தந்தோம். இறங்கி வா!"

பஞ்சாட்சரம் கைகூப்பினார். சமர்த்தாக இறங்கிக் கட்டிலில் படுத்தார்.

இதயத்தில் அடைப்பு இருக்கும்போல் தெரிகிறது, ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும், மரம் கிரம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி முடித்தார். பஞ்சாட்சரம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. ஏறலாமா?"

விதி தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நானே பாத்தேன் நைனா. மரம் வேணாம். எனக்கு பயமா கீது."

மார்பில் ஒட்டியிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பிறகு, "ஊருக்குப் போன் போட்டு, வேற ஆளப் பாக்கச் சொல்லிடு" என்றார்.

இளவரசி அழுதேவிட்டாள்.

"ஏம்மா அழுவுற? மரந்தான போச்சு. நான் கீறேன்ல?"