யார் கையெழுத்துப் போடுவது

அவனை முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டார். சித்தப்பா மகன் என்று சொல்லிவிட்டேன். அவன் கழுத்தில் சிலுவை கிடந்தது. என் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது.

"சித்தப்பா வேதத்துல சேந்து கிறிஸ்தவரா மாறிட்டாரோ?" என்றார் நர்ஸ். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

அவன் மீன் டெம்போ ஓட்டுகிறவன். பெட்டி தூக்கித் தூக்கிக் குடல் இறங்கி, அன்றைக்கு அது சிக்கிக்கொண்டது. வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கோட்டாற்றில் ஒரே வீட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம். புருஷன் பெண்டாட்டி எப்படியோ அப்படி. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெருவில் யாரும் கேட்டதில்லை. பூதப்பாண்டியில் என் வீட்டார் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில்தான் கேட்கிறார்கள். நான் சொன்ன உறவை நர்ஸ் நம்பவில்லை.

"பைஸ்டாண்டரா, தொணைக்கு, நீங்க நிக்கலாம். கையெழுத்துக்கு ரத்த சம்பந்தமுள்ள ஆளு வரணும்."

கஞ்சி வாங்கவும் மூத்திரக் குப்பி எடுக்கவும் நான் போதும். அறுப்பதற்குச் சம்மதம் சொல்ல நான் போதாது. மணவாளக்குறிச்சியிலிருந்து அவன் அண்ணன் வந்து கையெழுத்துப் போடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அவன் அப்படியே கிடந்தான்.

எங்களைப் போன்றவர்களுக்காக ஓடியாடும் வக்கீல் பெண் ஒருத்தி நாகர்கோவிலில் இருக்கிறாள். அவன்தான் அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறான். ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் சபையில், நாலரை வருஷத்துக்கு ஒருமுறை நம் நாட்டின் மனித உரிமை நிலவரத்தை மற்ற நாடுகள் கேள்வி கேட்குமாம். அதற்கு முன்பே எங்கள் அனுபவங்களைப் பெயர் போடாமல் எழுதி அனுப்பலாமாம். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அடுப்படியில் நெத்திலி கிள்ளிக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, கொஞ்சம் சத்தமா" என்றாள்.

"எங்கிட்டயும் அவன் அப்பிடித்தான் பேசுவான் மக்கா. மீனுக்குக் கேட்டாப் போரும் அவனுக்கு" என்றான் அவன்.

ஜெனீவாவில் அந்தக் கூட்டம் நடந்த அன்று அரிசிக்கடையில் அரைநாள் லீவு கேட்டேன். எதற்கு என்று முதலாளி கேட்டார். பல்வலி என்றேன். மத்தியானம் மூவரும் அவளுடைய போனைச் செம்பில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். பெரிய மண்டபம். ஒவ்வொரு நாட்டுக்கும் கொஞ்ச நேரம்தான். நேரம் முடிந்தால் மைக்கை அணைத்துவிடுகிறார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன், ஒன்றும் புரியவில்லை. நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு சின்ன நாட்டின் சார்பில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் பேசினார். வக்கீல் பெண் என் கையைத் தட்டினாள்.

"இதுதான் அண்ணே. ஒண்ணா வாழுத ரெண்டு ஆணோ ரெண்டு பெண்ணோ, அவங்களையும் குடும்பமா ஏத்துக்கிடணும்னு நம்ம அரசாங்கத்துக்கிட்ட சொல்லுதாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் அடுத்த நாடு வேறு எதையோ பேசத் தொடங்கியிருந்தது.

அரசாங்கத்தின் பதில் வர மாதங்கள் ஆயின. சிலவற்றை ஏற்றுக்கொண்டார்களாம். இதைக் குறித்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்களாம்.

"குறிச்சுக்கிட்டா என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"இப்ப ஒண்ணும் செய்யமாட்டாங்க அண்ணே. ஆனா கேட்டது பதிவுல இருக்கும். அடுத்த தடவ அத வச்சே திரும்பக் கேக்கலாம்."

"இன்னும் நாலர வருசமா? எங்கொடலு அதுவர பொறுக்குமா மக்கா?" என்றான் அவன்.

பொறுக்கவில்லை. இந்த வருஷம் மறுபக்கமும் இறங்கிவிட்டது. சீக்கிரம் அறுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அண்ணனுக்குப் போன் போட்டான்.

"வாறேன். ஆனா அவன் அங்கன நிக்கப்பிடாது. நம்ம ஆளுவ பாக்க வருவாவ" என்றார் அண்ணன்.

"அப்ப ஆப்பரேசனே வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டான்.

அவனை வழிக்குக் கொண்டுவர எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"ஏலே, சாவப்போறியா?"

"செத்தா பொணத்த வாங்கவும் அண்ணன் கையெழுத்துதாம்ல."

"நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கேன். எங்கயும் போவமாட்டேன். நீ உள்ள போயிட்டு வா."

அப்படித்தான் நின்றேன். பிளாஸ்க்கையும் உடுத்துகிற சாரத்தையும் ஒரு பையில் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கையெழுத்து ஆகியிருக்குமா, உள்ளே கொண்டுபோயிருப்பார்களா, ஒன்றும் தெரியவில்லை. கேட்க எனக்கு ஆள் இல்லை. பத்து மணி வாக்கில் அண்ணன் வெளியே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து என் முன்னால் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"அவனுக்கு ஏதோ ஊசி ஆவாதாமே. டாக்டர் கேக்காரு. அவன் மயக்கத்துல கெடக்கான். எனக்குத் தெரியாது."

பெயரைச் சொன்னேன். சென்ற தடவை அதைப் போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனதையும் சொன்னேன். அவர் அந்தப் பெயரை இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நானும் எழுந்தேன். "நீ இங்கயே இரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். இருந்தேன்.

அவன் பிழைத்து வந்தான். இப்போது கனமாக எதையும் தூக்கக்கூடாது. நான்தான் தண்ணீர்க் குடம் எடுக்கிறேன். நேற்று வக்கீல் பெண் போன் செய்தாள்.

"அண்ணே, அடுத்த தடவைக்கு இதையும் சேத்துக்கிடட்டா?"

அலுப்பாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேத்துக்கோ" என்றேன். "ஊசிப் பேர நான்தான் சொன்னேன்னு எழுது. ரோட்டுல நின்னு சொன்னேன்னு எழுது."