ஐந்து பட்டை போல்ட்

என் பெண்டாட்டி யாரையும் நம்ப மாட்டாள். கட்டின புருஷனையே நம்ப மாட்டாள் என்றால் மற்றவர்களைச் சொல்லவும் வேண்டுமா? நான் தையல்காரன். நான் தைத்த சட்டையையே பட்டன் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். காலையில் என் ஸ்கூட்டரில் ஏறுமுன் பின்சக்கரத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவாள். "உயிரு என்னுதுங்க" என்பாள். என்னமோ என் உயிரை நான் வாடகைக்கு எடுத்து வந்த மாதிரி.

வண்டிக் கம்பெனியில் படம் வரைவது அவள் வேலை. மெக்கானிக்குகள் பார்த்து ரிப்பேர் செய்கிற புத்தகத்துக்கான படம். ஒரு சக்கரம் என்றால் அதன் நட்டு, வாஷர், பேரிங் எல்லாம் மாட்ட வேண்டிய வரிசையில் அந்தரத்தில் நிற்கும். சும்மா சொல்லக் கூடாது, ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத எனக்கே அவள் படத்தைப் பார்த்தால் வண்டி புரிந்துவிடும். தன் கையால் பிரித்து மாட்டாத எதையும் வரைய மாட்டாள். "அடுத்தவன் சொன்னதை வரைஞ்சா அது படமில்ல, வதந்தி."

அவளுக்கு ஒரு ரகசியம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எவனோ அவள் படத்தைச் சுட்டுத் தான் வரைந்ததாகக் காட்டிக்கொண்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு மூலையில் ஒரே ஒரு போல்ட்டின் தலையை ஆறு பட்டைக்குப் பதில் ஐந்து பட்டையாக வரைந்துவிடுவாள். யாருக்கும் கெடுதல் இல்லை, சுட்டவன் மட்டும் மாட்டுவான். இதை என்னிடம் சொன்னதே கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத்தான், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு.

போன மாதம் ஒரு சின்ன லாரியின் பின்சக்கரம் ஓட்டத்தில் கழன்றது. புத்தகத்தைப் பார்த்து மாட்டிய மெக்கானிக்கேதான் ஓட்டிப் பார்த்திருக்கிறார். சுவரில் மோதித் தோள் எலும்பு முறிந்துவிட்டது. நட்டுக்கு அடியில் வரும் வாஷரின் குழிந்த பக்கம் உள்ளே பார்க்க வேண்டும், படத்தில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய புத்தகம். அதற்கு வரைந்தவர்கள் இரண்டே பேர், இவளும் பக்கத்து மேசைக்காரரும். எந்தப் படம் யாருடையது என்று எங்கேயும் குறிப்பு இல்லை. விசாரணை வைத்தார்கள்.

"அந்த ஆளு வேலைதாங்க. எதையும் கழட்டிப் பாக்காம வரையற சோம்பேறி. கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள்.

"படத்தைப் பாத்தியா?"

"பாக்கணுமா என்ன? எனக்குத் தெரியாதா?"

ஸ்கூட்டரை ஆட்டிப் பார்க்கிறவள், ஒரு மனுஷன் பிழைப்பை ஆட்டிப் பார்க்காமலே எழுதிக் கொடுத்துவிட்டாளே! விசாரணைக்கு முந்தைய நாள் காலையில், "அந்தப் பக்கத்தை வாங்கிட்டு வா, நான் பாக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றேன். முனகிக்கொண்டே போனவள் சாயங்காலம் நகல் எடுத்து வந்தாள். சாப்பாட்டு மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தாள்.

"நீங்களே எண்ணுங்க. எல்லாம் ஆறு பட்டையா இருக்கும்."

எண்ணினேன். ஆறு. ஆறு. ஆறு. கீழ் ஓரத்தில், பிரேக் தகட்டுக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு போல்ட். ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

"என்னங்க?"

"எல்லாம் ஆறு" என்றேன். வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன.

ஏன் எச்சில் முழுங்குறீங்க, கண்ணாடியைக் கொடுங்க என்பாள் என்றுதான் காத்திருந்தேன். அவளோ, "சரி" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நம்பினாள், பாவி, அதுவும் நான் பொய் சொன்ன அன்றைக்குப் பார்த்து. என்னால் தாங்க முடியவில்லை.

"இங்க வா. கீழ ஓரத்துல பாரு."

பார்த்தாள். கண்ணாடியைப் படத்திலிருந்து எடுக்காமலே, "ஃபிட்டர் சொன்னாருங்க" என்றாள். "இப்பத்தான் ஞாபகம் வருது, நான் வரையப் போறதுக்குள்ள அந்தச் சக்கரத்தைக் கழட்டி அனுப்பிட்டாங்க. வாஷர் மட்டும்தான் கைக்குக் கிடைச்சுது. 'குழி உள்பக்கம் பாக்கணும், அம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. என்னைக் கேலி பண்றாரு, மாத்திச் சொல்றாருன்னு நெனச்சேன். அதனாலதான் திருப்பி வரைஞ்சேன்."

அழுதாள். நானும்தான்.

மறுநாள் விசாரணையில் ஐந்து பட்டை போல்ட்டைத் தானே காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் தப்பித்தார். இவளுக்கு அன்றைக்கே கணக்கு முடித்துவிட்டார்கள். பென்சில் டப்பாவோடு வெளியே வந்தவள், வாசலில் நான் காத்திருந்த ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

"சக்கரத்தைப் பாக்கலையா?"

"நீங்க பாத்தீங்கல்ல?"

பார்த்தேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல, பாக்கல" என்றேன். இறங்கினோம். அவள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து ஆட்டிப் பார்த்தேன்.

"சரியா இருக்கு."

"சரி, போலாம்" என்றாள்.