டாக்டர் மங்கையின் கூண்டைத் திறந்தது தவறு

டாக்டர் மங்கையின் கருமாதி அன்று, அவர் வளர்த்த குருவிகளைப் புண்ணியம் என்று சொல்லிப் பறக்கவிட்டார்கள். அது தவறு. செய்தவர் அவருடைய தம்பி செல்வம். கைதட்டியவர்கள் நம் வாசகர் வட்டத்தார். வருகிற நினைவுக் கூட்டத்திலும் கடையில் குருவிகளை வாங்கிப் பறக்கவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

இறந்த செய்தி எனக்கு வட்டத்தின் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கும் கோயில் அறிவிப்புக்கும் நடுவில் கிடந்தது. மாரடைப்பு என்று போட்டிருந்தார்கள். முந்தின வாரம்தான் என்னோடு வாதாடிவிட்டுப் போனார். அந்த வாதம் முடியவில்லை.

அவர் மருந்து கொடுக்கும் டாக்டர் அல்லர். விலங்குகளின் மூளையை ஆராய்ந்தவர். பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வுபெற்று எங்கள் ஊரான குனோங் ராபாட்டில் குடியேறினார். நான் ரப்பர்த் தோட்டத்தில் கரண்டு வேலை பார்த்தவன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. மீதியை நானாகப் படித்தேன்.

வட்டத்தில் அவர் பேசிய முதல் நாளே எங்களுக்குள் வாதம் மூண்டுவிட்டது. மூளையின் அடியில் பழைய பின்னல்கள் இரண்டு உண்டு என்றார். ஒன்று, வேண்டியதைத் தேடிப் போக வைப்பது. டோபமைன் என்ற வேதிப்பொருள் அங்கே வேலை செய்கிறது. மற்றொன்று, எதிரில் நிற்பது துணையா, எதிரியா, குஞ்சா என்று பார்த்து அதற்கேற்ப நடக்க வைப்பது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மீன், தவளை, பல்லி, கோழி, மனிதன் என்று முதுகெலும்புள்ள எல்லாவற்றிலும் இவற்றின் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான் என்றார்.

நான் எழுந்தேன். "அப்ப என் பொஞ்சாதி மேல நான் வச்ச பாசமும் மீனு பாசமும் ஒன்னா?"

"வீடு வேற வேற அண்ணே. உள்ள ஓடுற வயரிங் ஒன்னு. தோட்டத்துல கூலி லயத்துக்கும் தொரை பங்களாவுக்கும் போல."

"லயத்துக்கும் பங்களாவுக்கும் வயரிங் ஒன்னுன்னு சொல்றவங்க லயத்துல இருந்திருக்க மாட்டாங்க."

"நான் பொறந்ததே சிலிம் ரிவர் பக்கம் லயத்துலதான் அண்ணே."

கூட்டம் சிரித்தது. நான் உட்காரவில்லை. லயத்தில் ஒரு பல்பு, பங்களாவில் ஏர்கோன், இரண்டும் ஒன்றாக முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, வயர் ஒன்னு. பங்களாவுல ஸ்விட்ச் அதிகம். இப்ப உக்காருங்க" என்றார். தான் சொன்னதைத் திருத்திக்கொள்ளக் கூச்சப்படாத படிப்பாளியை அன்றுதான் பார்த்தேன்.

அவர் வீட்டுப் பின்கட்டில் பெரிய வலைக்கூண்டு இருந்தது. ஆரஞ்சு அலகும் வரி விழுந்த கழுத்தும் கொண்ட சின்னக் குருவிகள். ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்டவை. பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. ஜோடி சேர்ந்தால் லேசில் பிரியாது. ஒருமுறை காலில் புண் வந்த ஆணைத் தனியே எடுத்து அறைக்குள் வைத்தார். முன்னால் தினை இருந்தும் அது தொடவில்லை, கத்திக்கொண்டே இருந்தது. "தனிமையும் பசி மாதிரிதான் அண்ணே" என்றார். புது இடம், பயந்திருக்கும் என்றேன். "நியாயமான கேள்வி" என்று சொல்லி, பெட்டையையும் பிடித்து வந்து அதே அறையில் விட்டார். இடம் மாறவில்லை. ஆண் கத்துவதை நிறுத்திவிட்டுத் தினையைக் கொத்தியது. அவர் என்னைப் பார்த்தார். ஒரு குருவியை வைத்து முடிவு கட்டக் கூடாது என்றேன். "அதுவும் நியாயம்" என்றார்.

கேலியும் நடந்தது. சாப்பாட்டுக் கடையில் ஒருவர், "குருவியோட பேசுறீங்களாமே டாக்டர்? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு" என்றார். இவர் கோபப்படவில்லை. "ஆமா, பக்கத்துலதான். அங்க இருக்கறவங்களப் பாக்க சனிக்கிழமை நான் போறேன். ஆளு வந்தா சந்தோஷப்படுவாங்க. நீங்களும் வாரீங்களா, போலாம்?" என்றார். அந்த மனிதர் தேநீர் குடிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

இனி கருமாதி. சடங்கு முடிந்ததும் செல்வம் கூண்டைத் திறந்து கம்பியைத் தட்டினார். குருவிகள் சிதறி மலைப்பக்கம் போயின. ஒரு பெட்டை மட்டும் முட்டையைவிட்டு எழவில்லை. செல்வம் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் அதன் ஆண் திரும்பி வந்து வலையைப் பற்றிக்கொண்டு கத்தியது.

"என்னா வேலை செஞ்சிட்டீங்க செல்வம்! வெளியில பொழைக்கத் தெரியாத ஜீவனுங்க."

"அக்காவுக்குப் புண்ணியம்லா அண்ணே. பாருங்க, பசிக்குது, தினைக்கு வந்திருக்கு."

தினைத்தட்டு வெளியே மதில்மேல் இருந்தது. அது அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான் கதவைத் திறந்தேன்.

"மறுபடியும் ஜெயில்ல போடுறீங்களா?"

குருவி தானாக உள்ளே பறந்து போய்ப் பெட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தது.

மீனும் மனிதனும் பற்றி அவர் சொன்னதை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஏற்றதாக யாரும் மேடையில் பேச வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: ஒரு காரணம் மனதுக்குப் பிடித்ததும் நிறுத்திவிடாமல், வேறு காரணம் இருக்குமா என்று இன்னொரு தடவை பார்ப்பது. செல்வமும் கைதட்டியவர்களும் அந்த இன்னொரு தடவை பார்த்திருந்தால் அத்தனை குருவிகளும் கூண்டில் இருந்திருக்கும்.

வட்டத்தின் செயலாளர் குருவிக் கடைக்குச் சொன்னதை இன்றே ரத்து செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆரஞ்சு அலகுள்ள குருவியைக் கண்டால், தனிக்கூண்டில் அடைத்துத் தினை போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காமல், டாக்டர் வீட்டுப் பின்கட்டுக்கே கொண்டுவர வேண்டும். பகலில் கதவோரம் நான் இருக்கிறேன். பொழுது சாய்ந்ததும், வந்தது உள்ளேதானா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியவர் செல்வம். நினைவுப் பொருளாகப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குருவி கேட்கும் உறவினர்கள் அந்தப் பேச்சை இத்தோடு விட வேண்டும். செல்வம் வீட்டை விற்கப் போகிறார், அது அவர் உரிமை. ஆனால் குஞ்சுகள் பொரிந்து, பறந்து, தாமாகத் தின்னப் பழகும்வரை கூண்டின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக என் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவரும் அவரே. லாரி நான் பிடித்துத் தருகிறேன்.