ஜன்னலோரத்து மஞ்சள் உப்பு

வேதியியல் துறைத் தலைவர் சார், அந்த மஞ்சள் உப்பு என்னவென்று தெரிந்தேதான் என்னைக் கலக்கச் சொன்னீர்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் லேப் அட்டெண்டர். பதினோரு வருஷமாக வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். இன்ஸ்பெக்ஷன் என்றால் எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. காலி பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஏதாவது உப்பைப் போட்டுக் கலர் ஏற்றி அடுக்க வேண்டும். வருகிறவர்கள் கண்ணுக்கு அலமாரி நிறைந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான். மயில்துத்தம் போட்டால் நீலம். மேல்தட்டில் யுரேனில் அசிடேட் என்று லேபிள் ஒட்டிய பழைய ஜாடி ஒன்று. அந்த உப்பைப் போட்டால் வெயிலில் பச்சை ஓடும் மஞ்சள் வரும். ஆபீஸ் கிளார்க் எட்டிப்பார்த்து, “என்னக்கா, சர்பத் கடை போட்டுட்டீங்களா?” என்பார். நானும் சிரிப்பேன். உங்களுக்கு அந்த மஞ்சள்தான் பிடிக்கும். ஜன்னலோரம் வைக்கச் சொல்வீர்கள். வந்தவர்கள் போனதும் எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டிக் கழுவிக் கவிழ்ப்பேன். கையுறை நான் கேட்டதில்லை. யாரும் கொடுத்ததும் இல்லை.

போன மாதம், இயற்பியல் துறைக்குப் புதிதாக வந்த மிஸ் ஒருவர் பீக்கர் கேட்டு வந்தார். நான் அந்த உப்பைக் கரண்டியில் அள்ளிக்கொண்டிருந்தேன். லேபிளைப் படித்தவர் உடனே போய், அவர்கள் லேபிலிருந்து கதிர்வீச்சு அளக்கிற கருவியைக் கொண்டுவந்தார். நீல பாட்டில் பக்கம் எப்போதாவது ஒரு டிக். ஜாடிப் பக்கம் கொண்டுபோனதும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி விடாமல் அடித்தது.

“இதுல யுரேனியம் இருக்குக்கா. மூடி போட்டுக் கெடந்தா பெருசா ஒண்ணும் பண்ணாது. வயித்துக்குள்ள போனாத்தான் கிட்னியக் கெடுக்கும். கழுவுன தண்ணி எங்கிட்டுப் போகுது?”

கையைக் காட்டினேன். சிங்க் குழாய் சுவருக்கு அந்தப் பக்கம் உறிஞ்சுகுழியில் இறங்குகிறது. நாலு எட்டு தள்ளி ஹாஸ்டல் போர்வெல். பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மிஸ் கருவியைச் சிங்க் ஓட்டைமேல் பிடித்தார். அங்கேயும் அடித்தது.

உங்களிடம் ஓடிவந்து சொன்னேன். நீங்கள் பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

“அது எனக்குத் தெரியும்மா. கொஞ்சூண்டுதான. மிச்சத்தையும் ஊத்திக் கழுவிட்டு, ஜாடிய ஒடச்சுப் போட்டுருங்க.”

தெரியும் என்றீர்கள். அந்த ஒரு சொல்தான் எனக்குச் செரிக்கவில்லை. நான் தெரியாமல் கலக்கினேன், தெரியாமல் கொட்டினேன். லேபிளில் இருப்பது என்னவென்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் தப்பை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் மிச்சத்தை ஊற்றவில்லை. ஜாடியை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. மெமோ கொடுத்தீர்கள், வாங்கிக்கொண்டேன். ஹாஸ்டலில் ஒவ்வொரு அறையாகப் போய், போர்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொன்னேன். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பும் கடிதத்தை மூன்று தடவை உங்கள் மேஜையில் வைத்தேன். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, ஜாடியை முறையாக எடுத்துப்போகிறவர்கள் வரும்வரை சாவி உங்கள் கைக்கு வராது.

திங்கட்கிழமை காலை வழிபாட்டில் மைக் உங்களிடம் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் எதிரே நிற்பார்கள். தெரிந்திருந்தும் ஏன் ஊற்றச் சொன்னீர்கள்? தண்ணீரை எப்போது சோதிப்பீர்கள்? என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். அவர்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.