மீன் ஓடிவிடும்

மீன் சாப்பிடாத மனுஷர் மீன் பிடிக்கக் கிளம்பினால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் கணவர் ஃபோனில் ஒரே மாதிரி வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வெளிநாட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, நடுவே ஒரு ஏரி, கரையில் ஒரு கூடாரம். தொப்பி போட்ட ஒருவர் தூண்டிலைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். "என்ன ஒரு நிம்மதி பாரு" என்பார் இவர். கரமனையில் எங்கள் அக்கிரகாரத் தெருவில் வெங்காயம் வாங்குவதற்கே நாள் பார்ப்பார்கள். அந்தத் தெருவுக்கு ஆன்லைனில் தூண்டிலும் கூடாரமும் வந்து இறங்கின.

எனக்கோ வேறு கவலை. அலுவலகத்தில் பதவி உயர்வு வந்திருந்தது, பாலக்காட்டுக்கு மாற்றலோடு. முன்பு இரண்டு தடவை வந்தபோதும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு தடவை பிள்ளையின் பரீட்சை, இன்னொரு தடவை மாமியார் படுக்கையில். இப்போது பிள்ளை வெளியூரில் வேலையாக இருக்கிறான், மாமியாரும் இல்லை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இவர் என்னோடு வருவாரா, இங்கேயே இருப்பாரா என்பதை மட்டும் அவர் வாயால் கேட்க வேண்டும். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "ஏரிக்கரையில போய் சாவகாசமா பேசலாம், கேட்டோ."

நம்பினேன். சனிக்கிழமை விடிவதற்குள் புளியோதரை கட்டினேன். தூண்டிலுக்கு இரையாகக் கோதுமை மாவு பிசைந்ததும் நான்தான். பெருங்காயம் போட்டால் மீன் தேடி வருமாம். ரசத்துக்குக்கூட நான் அவ்வளவு பெருங்காயம் போட்டதில்லை.

ஊருக்குக் கிழக்கே, அணைக்கட்டு ஏரியை ஒட்டிய தன் ரப்பர் தோட்டத்தில் கூடாரம் போட ஒருவர் இடம் விடுகிறார். அமைதியான இடம், குறை சொல்ல முடியாது. கூடாரத்தை நிறுத்துவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. இவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, மாவை உருட்டி, தூண்டிலை வீசிவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்னா, பாலக்காட்டு விஷயம்..."

"ஷ்! மெதுவா. மீன் ஓடிடும்."

சாப்பிடும்போது கேட்கலாமென்று விட்டேன். சாப்பிடும்போதும் தூண்டில் அவர் மடியில்தான் இருந்தது. நான் வாயைத் திறந்ததும் விரல் அவர் உதட்டுக்குப் போய்விட்டது. மத்தியானம் தோட்டக்காரர் வந்து, "சாரே, வல்லதும் கிட்டியோ?" என்று, ஏதாவது கிடைத்ததா என மலையாளத்தில் விசாரித்தார். ஏதாவது மாட்டினால் பொரித்துத் தருகிறேன் என்றார். இவர் அசடு வழியச் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ரப்பர் விலை, மழை, சாலையில் உள்ள குழி என்று வெகுநேரம் பேசினார்கள். தோட்டக்காரருக்கு நல்ல கட்டைக்குரல். அதற்கெல்லாம் ஒரு மீனும் ஓடவில்லை. என் குரலுக்கு மட்டும் ஏரியே காலியாகிவிடும் போலிருக்கிறது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

வெயில் தாழ்ந்தபோது கழிப்பறைக்குப் போக எழுந்தவர் தூண்டிலை என் கையில் கொடுத்தார். "பிடிச்சுக்கோ. ஆட்டாதே."

அவர் தலை மறைந்ததும் மிதவை அசைந்தது. பயந்துபோய்க் கைப்பிடியைச் சுற்றினேன். நூல் மேலே வந்தது. நுனியில் ஒரு ஈயக்குண்டு, அதன்மேல் அப்பியிருந்த என் மாவு, அதிலும் பாதியை மீன்கள் தின்றிருந்தன. தூண்டில் முள்ளைக் காணோம். மாவைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளேயும் இல்லை.

அவர் திரும்பி வந்தபோது அதைத் தூக்கிக் காட்டினேன்.

"முள்ளு எங்கே?"

"கிளம்பறதுக்கு முன்னாடி ஆத்துலயே கழட்டி வெச்சுட்டேன். வாயைக் கிழிச்சுடும். பாவம் அல்லே?"

"அப்போ எந்த மீன் ஓடிடும்னு காலம்பரேலேந்து என் வாயை அடைச்சேள்?"

செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். சண்டைக்கு வந்திருந்தாலாவது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் ஒண்ணும் சொல்லாம இருந்தா, நீயே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுவேன்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "எப்பவும் அப்படித்தானே செய்வே."

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல் பாதி, இரண்டு தடவை எழுதிக் கொடுத்த என் கைமேல் பாதி. மீனுக்கு நோகக் கூடாது என்று முள்ளைக் கழற்றத் தெரிந்தவருக்கு, நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு நோகுமென்று தெரியவில்லை.

"நான் போறேன்" என்றேன். அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். "திங்கட்கிழமை சரின்னு எழுதிக் குடுக்கப் போறேன். வரதும் வராததும் உங்க இஷ்டம்."

அவர் தூண்டிலை என் கையிலிருந்து வாங்கி, நூலை மெதுவாகச் சுற்றி முடித்தார். மிச்ச மாவை உதிர்த்துத் தண்ணீரில் போட்டார். மீன்கள் சலசலவென்று மேலே வந்தன. என் சத்தத்துக்கு ஒன்றும் ஓடியிருக்கவில்லை.

"பாலக்காட்டுல ஏரி உண்டோ?" என்றார், என்னைப் பார்க்காமலே.

உண்டென்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை வரை அவரும் காத்திருக்கட்டும்.